திறந்ததை யார் மூடுவது? சி லைப்ரரி எழுதுபவர்கள் முதலே எடுக்க வேண்டிய முடிவு

சி மொழியில் ஒரு லைப்ரரி எழுதி மற்றவர்கள் பாவிக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் வெளியீட்டுக்கு முன்னமே ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட வேண்டும். லைப்ரரி உண்டாக்கிக் கொடுக்கும் மெமரி, திறந்து வைக்கும் ஃபைல், பிடித்து வைத்திருக்கும் லொக் ஆகியவற்றை யார், எப்போது, எந்த ஃபங்ஷனை அழைத்து விடுவிப்பது? பிறகு பார்ப்போம் என்று விட்டால், அதற்குள் பாவிக்கத் தொடங்கியவர்களுடைய கோட் முழுவதையும் உடைத்துத்தான் மாற்ற வேண்டி வரும்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இந்தக் கேள்வி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவால் வந்தது. இங்குள்ள அச்சகக் கணினிகளில் கோவில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், இறந்தவரின் நினைவாக 31ஆம் நாள் அச்சிடும் கல்வெட்டு நூல்கள் என்று பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் நிறையக் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஒரு ஊரின் பெயரையோ ஓர் ஆளின் பெயரையோ தேடி எடுக்க வழியில்லை. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய சி லைப்ரரி எழுதி வருகிறோம்.

இந்த மாற்றம் வெறும் அட்டவணை வேலை அல்ல. பாமினியில் கொம்பு (ெ) மெய்யெழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும். யூனிகோடில் அது பின்னால் வரும். கொம்பைக் கண்டதும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்ன, அதற்குப் பின் அரவு (ா) வருகிறதா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். அதற்கு, எதைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைவில் வைக்கும் ஒரு நிலை வேண்டும், எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்க ஒரு பஃபர் வேண்டும். நிலை என்று ஒன்று வந்தால் அதை உண்டாக்கும் ஃபங்ஷனும் அழிக்கும் ஃபங்ஷனும் கூடவே வரும்.

ஒரு ஃபைலை மாற்றிவிட்டு முடிந்துபோகும் கருவியில் கொஞ்சம் மெமரி விடுவிக்கப்படாமல் கசிந்தால் பெரிய கேடு இல்லை. புரோகிராம் முடிந்ததும் ஒப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆனால் ஓர் அச்சகத்தின் பல வருட ஃபைல்களை ஒரே ஓட்டத்தில் மாற்றும்போது கதை வேறு. லினக்ஸில் ஒரு புரோசெஸ் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய ஃபைல்களுக்கு வழமையான எல்லை 1024. பழுதான ஒவ்வொரு ஃபைலிலும் மூடாமல் ஒன்று தப்பினால், ஆயிரத்துச் சொச்சம் பழுதுகளுக்குப் பிறகு நல்ல ஃபைலும் திறக்காது. கசிவு எப்போதும் எரர் வரும் பாதையில்தான் ஒளிந்திருக்கும். சோதித்துப் பார்க்கும்போது அந்தப் பாதையில் யாரும் போவதில்லை.

எங்கள் லைப்ரரியைப் பாவிக்கப் போகிறவர்கள் மூன்று வகை. நாங்கள் லினக்ஸில் ஜிசிசி கொம்பைலர் வைத்திருக்கிறோம். அச்சகங்களில் இருப்பது விண்டோஸ், அங்கே கருவி எழுதுபவர் விசுவல் ஸ்டூடியோவில் எழுதுவார். பல்கலைக்கழக மாணவி ஒருவர் பைதான் வழியாக இதை அழைக்கப் போகிறார். பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவும் இந்த மூன்று பேரையும் நினைத்து எடுத்ததுதான்.

கையால் விடுவிப்பதும் கோட்டூவும்

சி மொழியின் பழைய வழி இது. உண்டாக்கும் ஃபங்ஷன் ஒன்று, அழிக்கும் ஃபங்ஷன் ஒன்று. இரண்டையும் சோடியாக அழைப்பது பாவிப்பவர் பொறுப்பு. நடுவில் எரர் வந்தால், குறித்த வரிக்கு நேரே தாவச் சொல்லும் கோட்டூ கட்டளையைப் போட்டு ஃபங்ஷனின் அடிப்பகுதிக்குப் போய், எடுத்தவற்றைத் தலைகீழ் வரிசையில் விடுவிப்பது. லினக்ஸ் கேர்னலில் இந்தப் பாணி பல்லாயிரம் இடங்களில் இருக்கிறது. கோட்டூ என்றாலே கூடாது என்று படித்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் சேர்ட் அமைப்பின் சி பாதுகாப்புப் பரிந்துரைகளே, பல வளங்களை எடுக்கும் ஃபங்ஷனில் கோட்டூ சங்கிலியைப் பாவிக்கலாம் என்று சொல்கின்றன.

இதன் ஆபத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2014இல் ஆப்பிளின் பாதுகாப்புக் கோட்டில் வெளிப்பட்ட பிழை. "கோட்டூ ஃபெயில்" என்ற வரி தவறுதலாக இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியைத் தாண்டி நேரே அடிக்குக் குதித்தது. அந்த நேரத்தில் எரர் மாறியில் இருந்தது பூச்சியம். ஆகவே சரிபார்க்காத இணைப்பு சரி என்றே திரும்பியது. இதில் கோட்டூவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெற்றியும் தோல்வியும் ஒரே வாசலால் வெளியேறுகிற அமைப்பில் ஒரு வரி பிசகினால் என்ன நடக்கும் என்பதைத்தான் அது காட்டியது.

இந்த வழிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எந்தக் கொம்பைலரிலும் வேலை செய்யும், எந்த மொழியிலிருந்தும் அழைக்கலாம்.

கிளீனப் அட்ரிபியூட்

ஜிசிசி, கிளாங் ஆகிய கொம்பைலர்கள் நீண்டகாலமாகத் தரும் ஒரு வசதி இது. ஒரு மாறியை அறிவிக்கும்போதே, இந்த மாறி தன் எல்லையை விட்டுப் போகும்போது இந்த ஃபங்ஷனை அழை என்று எழுதிவிடலாம். ரிட்டேர்ன் வந்தாலும், பிரேக் வந்தாலும், கோட்டூ வெளியே குதித்தாலும் கொம்பைலர் அழைப்பைப் போட்டுவிடும். பல மாறிகள் இருந்தால் கடைசியாக அறிவித்தது முதலில் விடுபடும்.

இதை லைப்ரரியின் முகத்துக்கே கொண்டுவந்தது ஜிலிப் என்ற சி லைப்ரரி. 2015இல் வந்த 2.44ஆம் பதிப்பில் ஜி-ஆட்டோபிடிஆர், ஜி-ஆட்டோஃப்ரீ என்ற மேக்ரோக்களை, அதாவது கொம்பைல் செய்யும்போது முழுக் கோட்டாக விரியும் சுருக்கங்களைச் சேர்த்தார்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி தன் உள் கோட் முழுவதும் இதே உத்தியைப் பாவிக்கிறது. கோட்டூவின் தாய்வீடான லினக்ஸ் கேர்னலும் 2023இல் 6.5ஆம் பதிப்பில் இதற்கென ஒரு ஹெடரைச் சேர்த்தது. லொக்கை எடுத்து, எல்லை முடிய விடுகிற கார்ட் மேக்ரோவும் அதில் இருக்கிறது.

எங்கள் குழுவில் இளையவர் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணை, ஜிலிப் செய்யிற மாதிரி நாங்களும் ஹெடரிலேயே போட்டுவிட்டால் என்ன?"

சாதாரணமாக எழுதிப் பார்த்தால் உண்மையிலேயே வடிவாக இருக்கிறது. நாற்பது வரி ஃபங்ஷன் இருபதாகிறது, எரர் பாதை தனியாக இல்லாமல் போகிறது. ஆனால் நுணுக்கமாகப் பார்த்தால் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலாவது, மாறிக்குத் தொடக்க மதிப்புக் கொடுக்காமல் அறிவித்து, அதை நிரப்ப முன்னமே ரிட்டேர்ன் வந்தால், துப்புரவு ஃபங்ஷனுக்குப் போவது ஸ்டாக்கில் கிடந்த குப்பை. ஆகவே எந்த முகவரியையும் காட்டாத வெற்றுப் பொயின்டரோடுதான் தொடங்க வேண்டும், அழிக்கும் ஃபங்ஷனும் வெற்றுப் பொயின்டரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ பொறுத்துக்கொள்ளும். லிப்கேர்லின் ஈசி கிளீனப் ஃபங்ஷனும் ஒன்றும் செய்யாமல் திரும்பும். ஃபைலை மூடும் எஃப்குளோஸ் பொறுக்காது, அதற்கு வெற்றுப் பொயின்டர் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தர நிர்ணயம் எந்த உறுதியும் தரவில்லை.

இரண்டாவது, உண்டாக்கியதை வெளியே திருப்பிக் கொடுப்பது. ரிட்டேர்னில் எழுதிய மதிப்பு முதலில் கணிக்கப்படும், துப்புரவு அதன் பிறகு ஓடும். ஆகவே அந்தப் பொயின்டரை அப்படியே திருப்பினால், அழைத்தவர் கைக்குப் போவது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட மெமரியின் முகவரி. இதற்காகத்தான் ஜிலிப் ஸ்டீல் பொயின்டர் என்ற ஃபங்ஷனையும் சிஸ்டம்டி டேக் பொயின்டர் என்ற மேக்ரோவையும் வைத்திருக்கின்றன. மதிப்பை வெளியே எடுத்துவிட்டு மாறியை வெறுமையாக்கும் வேலை அது. மறந்தால் கொம்பைலர் எப்போதும் எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. துப்புரவு ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. எஃப்குளோஸ் என்பது வெறும் துப்புரவு அல்ல. பஃபரில் கிடக்கும் கடைசிப் பகுதியை டிஸ்க்கில் எழுதுவதும் அதுதான். டிஸ்க் நிரம்பியிருந்தால் அந்த எரர் முதன்முதலாக எஃப்குளோஸில்தான் தெரியவரும். தானாக மூடவிட்டால் அந்த எரர் காற்றோடு போய்விடும். ஒரு கல்வெட்டின் கடைசிப் பக்கம் இல்லாத ஃபைலை வெற்றி என்று அறிவித்துவிடுவோம். தரவைச் சுருக்கும் லைப்ரரியான ஸெட்லிப்பின் ஜிஸெட்குளோஸுக்கும் இதே குணம் உண்டு. தரவுத்தள லைப்ரரியான எஸ்கியூலைட்டில் கதை இன்னொரு விதம்: முடிக்காத ஸ்டேட்மென்ட் ஏதும் மிச்சமிருந்தால் வழமையான குளோஸ் ஃபங்ஷன் மூட மறுத்து, பிஸி என்று திருப்பும். துப்புரவைத் தானாகச் செய்யும் மொழிகளுக்காகவே அவர்கள் பிறகு குளோஸின் இரண்டாவது வடிவத்தைச் சேர்த்தார்கள். தோற்கக்கூடிய ஒரு செயலைத் தானியங்கித் துப்புரவுக்கு ஒப்படைக்கக் கூடாது.

கடைசி எரரின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவும் கவனிக்க வேண்டியது. எரர் வந்து ஃபங்ஷன் திரும்பும் வழியில் துப்புரவு ஓடி எர்நோவை மாற்றிவிட்டால், அழைத்தவருக்குத் தவறான காரணம் போய்ச்சேரும். ஃப்ரீ எர்நோவைத் தொடாது என்ற உறுதியை லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி தந்ததே 2021இல் வந்த 2.33ஆம் பதிப்பிலிருந்துதான்.

பல ஃபங்ஷன்களைத் தாண்டி நேரே பின்னால் குதிக்கும் லோங்ஜம்ப் பாய்ந்தால் சி கோட்டில் இந்தத் துப்புரவு ஓடும் என்று நம்ப முடியாது. லூவா மொழி தன் எரர்களுக்கும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் எரர்களுக்கும் லோங்ஜம்ப்தான் பாவிக்கின்றன. அவற்றின் உள்ளே ஓடும் நீட்சிகள் எழுதுபவர்கள் அட்ரிபியூட்டை நம்பியிருக்கக் கூடாது.

இவற்றோடு, கேர்னலின் அந்த ஹெடரில் உள்ள விளக்கமே ஒன்றை வலியுறுத்துகிறது: ஒரே ஃபங்ஷனில் கோட்டூ துப்புரவையும் தானியங்கித் துப்புரவையும் கலக்காதீர்கள். பாதி பழையது, பாதி புதியது என்று வைத்தால் எது எப்போது விடுபடுகிறது என்று வாசிப்பவருக்கு விளங்காது.

இத்தனையும் பழகிக்கொள்ளலாம். பழகினாலும் மீறிப்போக முடியாதது ஒன்று மட்டும்தான்: விசுவல் ஸ்டூடியோ கொம்பைலருக்கு இந்த அட்ரிபியூட் தெரியாது. ஜிலிப்பின் கையேடும், ஜிசிசியும் கிளாங்கும் தவிர்ந்த கொம்பைலர்களில் ஓட வேண்டிய கோட்டில் அந்த மேக்ரோக்களைப் பாவிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பைதானிலிருந்து அழைக்கும் மாணவிக்கும் மேக்ரோவால் பயனில்லை. அவருக்குக் கொம்பைல் செய்த லைப்ரரி ஃபைலான டிஎல்எல்லிலிருந்து உண்மையாக வெளியே தெரியும் ஃபங்ஷன் வேண்டும். ஹெடரில் மட்டும் வாழும் மேக்ரோவை பைதானால் பார்க்கவே முடியாது.

ஒன்றாக எடுத்து ஒன்றாக விடுவது

அப்பாச்சியின் ஏபிஆர் லைப்ரரியில் எல்லாம் பூல் என்ற ஒரு பொதுத் தொகுப்புக்குள்ளிருந்து எடுக்கப்படும். பூலை அழித்தால் உள்ளிருந்தது எல்லாம் போய்விடும், பதிந்து வைத்த துப்புரவு ஃபங்ஷன்களும் ஓடும். கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கதிரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்காமல் லொறியோடு ஒரே தடவையில் அனுப்பிவிடுவதைப் போல. சம்பாவின் டாலொக் இதையே மரமாக அமைக்கிறது: தாயை விடுவித்தால் பிள்ளைகளும் விடுபடும். போஸ்ட்கிரெஸில் மெமரி கொன்டெக்ஸ்ட் இருப்பதும் இதற்குத்தான். லோங்ஜம்ப் எங்கே பாய்ந்தாலும் கொன்டெக்ஸ்ட்டை மொத்தமாக அழித்தால் போதும்.

பெரிய சேர்வர் புரோகிராம்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். ஆனால் நீண்ட லூப் ஒன்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பூல் வைத்துத் துடைக்காவிட்டால், கசிவே இல்லாமல் மெமரி ஏறிக்கொண்டே போகும். கோட் பதிப்புகளைச் சேமிக்கும் சப்வேர்ஷனை எழுதியவர்கள் லூப்புக்கென்று தனிப் பூல் வைக்கும் வழக்கத்தை விதியாகவே எழுதி வைத்ததற்குக் காரணம் அதுதான். பைதான் பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஆயுள் இருக்கும், பூலில் அப்படி இல்லை. இரண்டையும் பொருத்துவது கஷ்டம். எங்களுடையதைப் போன்ற சிறிய லைப்ரரியைப் பாவிப்பவரிடம் ஒரு பூலைத் திணிப்பது அதிகப்படி.

விடுவிக்க ஒன்றுமே இல்லாமல் செய்வது

இந்த வழியைப் பற்றி ஏன் குறைவாகக் கதைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஐகொன்வ் என்ன செய்கிறது பாருங்கள். எழுத்துக் குறியீட்டை மாற்றும் அந்த ஃபங்ஷன் ஒரு பைட்டும் உங்களுக்காக ஒதுக்கித் தருவதில்லை. உள்ளே வரும் பஃபரும் உங்களுடையது, வெளியே போகும் பஃபரும் உங்களுடையது. இடம் போதாவிட்டால் அதற்கான எரரோடு நின்று, எவ்வளவு உள்ளே எடுத்தேன், எவ்வளவு எழுதினேன் என்று பொயின்டர்களை நகர்த்திக் காட்டும். பெரிய பஃபரோடு திரும்ப அழைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸெட்லிப்பும் ஸ்ட்ரீம் அமைப்பை அழைப்பவரையே வைத்திருக்கச் சொல்கிறது.

எங்கள் வேலைக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. மாற்றப்பட்ட உரையை யார் விடுவிப்பது என்ற கேள்வியே எழாது. அச்சகக் கருவி எழுதுபவர் ஒரே பஃபரை எல்லா ஃபைல்களுக்கும் பாவிக்கலாம். மிச்சம் இருப்பது கொம்பைப் பிடித்து வைத்திருக்கும் அந்த நிலை மட்டும்.

குறை என்னவென்றால் அழைப்பவருக்கு வேலை கூடும். பாமினியில் ஒரு விசைக்கு ஒரு பைட். யூனிகோடை யூடிஎஃப்-8 வடிவில் எழுதும்போது தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் ஆகும். ஒரே விசையில் இரண்டு குறியீடுகள் சேர்ந்து வரும் எழுத்துகளும் உண்டு, உதாரணத்துக்கு உகர வரிசை. எவ்வளவு இடம் வேண்டும் என்று அவரைக் கணக்குப் பார்க்க விடாமல், உச்சபட்ச அளவைச் சொல்லும் ஒரு சிறிய ஃபங்ஷனையும் கூடக் கொடுக்க வேண்டும்.

எல்லை முடியும்போது ஓட வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைக்கும் டிஃபேர் கூற்றைப் பற்றியும் கேட்பீர்கள். அதை சி மொழியின் சி23 தரத்தில் சேர்க்க முன்மொழிந்தார்கள், சேரவில்லை. தர நிர்ணயக் குழு அதைத் தனித் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக முன்னெடுக்கிறது. கொம்பைலர்கள் எல்லாம் அதைத் தாங்கும் காலம் வந்தால் மேலே சொன்ன மேக்ரோக்கள் பலவற்றுக்கு வேலை இல்லாமல் போகும். இன்று வெளியிடும் லைப்ரரியை அதன்மேல் கட்ட முடியாது.

நாங்கள் எடுத்த முடிவு

லைப்ரரியின் வெளிமுகத்தையும் உள் கோட்டையும் வேறு வேறாக வைத்து முடிவெடுத்தோம். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். கிளீனப் அட்ரிபியூட் ஒரு ஃபங்ஷனின் உள்ளே நடப்பது. அது டிஎல்எல்லின் வெளி அமைப்பில் எந்தத் தடயமும் விடாது. ஆகவே லைப்ரரியை நாங்கள் கிளாங்கிலோ, ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மிங்டபிள்யூவிலோ கட்டிக் கொடுத்தால், உள்ளே அட்ரிபியூட்டைத் தாராளமாகப் பாவிக்கலாம். அச்சகக்காரர் விசுவல் ஸ்டூடியோவிலிருந்து சாதாரண சி ஃபங்ஷன்களாக அழைப்பார், அவருக்கு வித்தியாசமே தெரியாது. எரர் பாதைகள் அதிகம் இருப்பது எங்கள் உள் கோட்டில்தான், வசதி அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

வெளிமுகத்தில் உரைக்கு அழைப்பவருடைய பஃபர். நிலைக்கு உண்டாக்கும் ஃபங்ஷன் ஒன்று, அழிக்கும் ஃபங்ஷன் ஒன்று. உங்கள் ஃப்ரீயாலேயே விடுவித்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. விண்டோஸில் ஒரு டிஎல்எல் தன் சி ரன்டைமில் ஒதுக்கிய மெமரியை வேறொரு ரன்டைமின் ஃப்ரீ விடுவித்தால் ஒதுக்கிய மெமரி கிடக்கும் ஹீப் பழுதாகிவிடலாம். மிங்டபிள்யூவில் கட்டியதை விசுவல் ஸ்டூடியோ அழைக்கும்போது இது சாதாரணமாக நடக்கக்கூடியது.

அழிக்கும் ஃபங்ஷன் வெற்றுப் பொயின்டரை ஏற்கும், எதையும் திருப்பித் தராது, தோற்காது, எர்நோவைத் தொடாது. தோற்கக்கூடிய வேலைக்கு, அதாவது கையில் மிஞ்சிய கொம்பை எழுதி முடிப்பதற்கு, தனியாக முடிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. அது எரர் திருப்பும். இப்படிப் பிரித்து வைத்தால் அழிப்பதை யார் எப்படித் தானியங்கியாக்கினாலும் பிரச்சினை இல்லை. பைதானில் வித் கூற்று, சி++இல் யுனீக் பொயின்டர், சி மொழியில் அட்ரிபியூட், எதுவும் சரிவரும்.

அழிக்கும் ஃபங்ஷன் பொயின்டரை வாங்குவதா, பொயின்டரின் முகவரியை வாங்குவதா என்று கொஞ்சம் வாதாடினோம். வீடியோ லைப்ரரியான எஃப்எஃப்எம்பெக்கில் ஃபிரேமை விடுவிக்கும் ஃபங்ஷன் முகவரியை வாங்கி, விடுவித்த பிறகு மாறியை வெறுமையாக்கிவிடும். அட்ரிபியூட்டும் ஃபங்ஷனுக்கு மாறியின் முகவரியைத்தான் கொடுக்கும், ஆகவே இடையில் எதுவும் எழுதாமலே பொருந்தும். நல்ல வடிவம்தான். ஆனால் அதே பொயின்டரின் இன்னொரு பிரதி வேறிடத்தில் இருந்தால் அது வெறுமையாகாது, பாவிப்பவர் ஆகிவிட்டது என்று நம்பியிருப்பார். நாங்கள் சாதாரண பொயின்டரையே வாங்குகிறோம். ஜிசிசி, கிளாங் பாவிப்பவர்களுக்காகத் தனி ஹெடர் ஒன்றில் அட்ரிபியூட் மேக்ரோவும், முகவரியை வாங்கும் இன்லைன் ஃபங்ஷனும் இருக்கும். வேண்டியவர் சேர்த்துக்கொள்ளலாம், முக்கிய ஹெடர் அதை நம்பியிருக்காது.

இன்னொன்றும் செலவில்லாமல் கிடைக்கிறது. 2021இல் வந்த ஜிசிசி 11இலிருந்து, உண்டாக்கும் ஃபங்ஷனின் அறிவிப்பிலேயே இதை விடுவிப்பது இந்த ஃபங்ஷன்தான் என்று எழுதி வைக்கலாம். யாராவது எங்கள் நிலையை ஃப்ரீயிடம் கொடுத்தால் கொம்பைலரே எச்சரிக்கும், கோட்டை ஓட்டாமலே ஆராயும் அனலைசரை ஓட்டினால் மறந்துபோன இடங்களையும் காட்டும். தானியங்கித் துப்புரவை விரும்பாதவர்களுக்கும் இது பயன்படும், தெரியாத கொம்பைலருக்கு மேக்ரோவால் மறைத்துவிடலாம்.

சோதனையில் எஸ்கியூலைட் செய்வதைப் பின்பற்றுகிறோம். முதல் தடவை மெமரி கேட்கும்போது வேண்டுமென்றே தோற்கச் செய்து முழுச் சோதனையும் ஓட்டுவது, பிறகு இரண்டாவது தடவையில், பிறகு மூன்றாவதில், எங்குமே தோற்காமல் ஓடி முடியும் வரைக்கும். ஒவ்வொரு ஓட்டமும் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரெஸ் சனிட்டைசரின் கீழ். உள் கோட்டை அட்ரிபியூட்டுக்கு மாற்றும் வேலையை ஒவ்வொரு ஃபங்ஷனாகச் செய்கிறோம், மாற்றிய ஃபங்ஷனில் கோட்டூ ஒன்றும் மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகிறோம்.